பெருங்காய டப்பாவில் ஒரு யுத்தம்

பங்குனி பிறந்துவிட்டால் வாழப்பாடியில் மத்தியான வேளைகளில் நடமாட்டம் ஒடுங்கிவிடும். பாக்குத் தோப்புகளுக்குள் மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி மிச்சமிருக்கும். ஆத்தூர்ச் சாலையில் போகிற லாரிகளின் இரைச்சல்கூட உறக்கத்தில் கேட்பது போலத்தான் கேட்கும். 2022ஆம் ஆண்டில் அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில், மாடி அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அக்காள் மகன் தடதடவென்று படியிறங்கி வந்தான். தொற்றுநோய்க் காலத்தில் பெங்களூரிலிருந்து வந்தவன், அப்போதும் திரும்பிப் போகவில்லை. கம்பெனியும் வற்புறுத்தவில்லை; அம்மாவின் சமையலை விட்டுப் போக அவனுக்கும் அவசரமில்லை.

"மாமா, உக்ரைன் சண்டை நம்ம வீட்டு மாடிக்கே வந்துருச்சு" என்றான்.

நான் கதை எழுதுகிறவன். கல்லூரிப் படிப்பை இரண்டாம் ஆண்டோடு நிறுத்திக்கொண்டவன். கம்ப்யூட்டரைத் தட்டச்சு இயந்திரத்துக்குத் தம்பி என்று மட்டுமே அறிந்தவன். ஆகவே அவன் சொன்னது முதலில் எனக்கு விளங்கவில்லை. "உட்கார்ந்து நிதானமாகச் சொல்லடா" என்றேன். அவன் சொன்னதைக் கேட்டு முடித்தபோது வெயில் தாழ்ந்து, தெருவில் பால்காரரின் மணி கேட்டுக்கொண்டிருந்தது. அன்று தொடங்கிய யோசனை இன்னும் என்னை விடவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் புரிய வேண்டுமானால் கல்யாணச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற சமையல்காரர் துவரம்பருப்பைத் தாமே விளைவிப்பதில்லை; பெருங்காயத்தைத் தாமே காய்ச்சுவதுமில்லை. மளிகைக்கடையில் வாங்குகிறார். கடைக்காரர் மண்டியில் வாங்குகிறார். மண்டிக்காரர் எங்கேயோ வாங்குகிறார். பெருங்காய டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்து பார்ப்பதோடு சமையல்காரரின் விசாரணை முடிந்துவிடும். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் முகூர்த்த நேரத்துக்குள் பந்தி போட முடியாது.

மென்பொருள் எழுதுகிறவர்களும் இப்படித்தான் என்று என் மருமகன் சொன்னான். எந்த நிரலையும் இன்று ஒருவர் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுதுவதில்லை. தேதியை வரிசைப்படுத்த ஒன்று, படத்தைச் சுருக்க ஒன்று, ஒரு நிரல் இன்னொன்றோடு பேச ஒன்று என்று உலகெங்கும் யார் யாரோ எழுதி இனாமாகப் பொதுவில் வைத்திருக்கிற துண்டுகளை எடுத்துக் கோத்துக்கொள்கிறார்கள். 2008ல் தோன்றிய கிட்ஹப் என்ற தளம் அந்தத் துண்டுகளுக்குப் பெரிய மண்டி. என்பிஎம் என்பது இன்னொரு மண்டி. 2016 மார்ச்சில், பெயர் சம்பந்தமான ஒரு தகராறில் மனம் கசந்த ஒருவர், தாம் எழுதி வைத்திருந்த துண்டுகளை இந்த என்பிஎம்மிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று வெறும் 11 வரி. அந்த 11 வரி இல்லாமல் பெரிய பெரிய கம்பெனிகளின் வேலைகள் சில மணி நேரம் நின்றுபோயின. பெருங்காயம் இல்லை என்று கல்யாணமே நின்ற கதைதான்.

இனி யுத்தத்துக்கு வருவோம். 2022 பிப்ரவரி 24ஆம் தேதி ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தன. மார்ச் மாதத்தின் முதல் பாதியில், 'நோட் ஐபிசி' என்ற ஒரு நிரல் துண்டில் அதன் ஆசிரியரே ஒரு காரியம் செய்தார். வாரத்துக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் இறக்கிக்கொள்ளப்பட்ட துண்டு அது. அதன் புதிய பதிப்பு ஒன்றில் யாரும் சட்டென்று படிக்க முடியாதபடி சில வரிகளைச் செருகினார். தான் ஓடுகிற கம்ப்யூட்டர் எந்தத் தேசத்தில் இருக்கிறது என்று அந்த வரிகள் பார்க்கும். ரஷ்யாவோ பெலாரூஸோ என்று தெரிந்தால், அங்குள்ள கோப்புகளிலிருந்ததை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இதயச் சின்னத்தை எழுதி வைக்கும். அன்பின் சின்னம்தான்! அழிக்கப்பட்டது ஒருவருடைய ஆறுமாத உழைப்பாக இருக்கலாம், ஓர் ஆஸ்பத்திரியின் கணக்காக இருக்கலாம். அந்த வரிகளுக்கு அதெல்லாம் தெரியாது.

சீக்கிரத்திலேயே அந்தப் பதிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பதிலாகச் சாதுவான ஒன்று வந்தது. அது எதையும் அழிக்காது. கம்ப்யூட்டரின் முகப்பில், 'அமெரிக்காவிலிருந்து அன்புடன்' என்று பொருள்படும் பெயரில் சமாதானம் பேசுகிற ஒரு கோப்பை மட்டும் வைத்துவிட்டுப் போகும். இந்தக் கோப்பு ரஷ்யா, இந்தியா என்று பேதம் பார்க்கவில்லை. என் மருமகனின் கம்பெனியில் அன்றைக்கு அமளிதுமளிப்பட்டது இதனால்தான். தாங்கள் பயன்படுத்துகிற துண்டுகளுக்குள், அந்தத் துண்டுகள் பயன்படுத்துகிற துண்டுகளுக்குள், இது எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பதினெட்டுப் பேர் இரண்டு நாள் தேடினார்கள்.

அதே மார்ச் மாதத்தில் இன்னும் சிலரும் இப்படிச் செய்தார்கள். வேறொரு துண்டு, ரஷ்யாவின் கடிகார நேரத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களில் யுத்தத்தைக் கண்டிக்கும் செய்தியைக் காட்டியது. ரஷ்யாவின் மிகப் பெரிய வங்கியான ஸ்பெர்பேங்க், மென்பொருள்களைத் தற்காலிகமாகப் புதுப்பிக்க வேண்டாம் என்று ஜனங்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. 'எதிர்ப்பு மென்பொருள்' என்று இதற்கு ஒரு பெயரும் வந்துவிட்டது. இனாம் மென்பொருள்களின் விதிகளைப் பேணுகிற ஓஎஸ்ஐ என்ற அமைப்பு, அநியாயத்தைக் கண்டித்து எழுதுங்கள், ஆனால் கருவியை ஆயுதமாக்காதீர்கள் என்ற கருத்தில் அம்மாதமே அறிக்கை விட்டது.

பீரங்கியும் விமானமும் போரிடுகிற ஒரு யுத்தத்தில், தன் அறையில் தனியாக உட்கார்ந்து நிரல் எழுதுகிற ஒருவர் குதிப்பானேன் என்று நான் முதலில் நினைத்தேன். மருமகன் சொன்ன பழைய சம்பவங்களைக் கேட்ட பிறகு, இந்த மண்டி எக்காலத்திலும் வெறும் மண்டியாக இருந்ததில்லை என்று தெரிந்தது.

2015 மார்ச்சில் கிட்ஹப்பின் மீது சில நாட்கள் ஓயாத தாக்குதல் நடந்தது. சீனாவின் தணிக்கையைத் தாண்டிச் செய்தி படிக்க உதவுகிற இரண்டு பக்கங்களை அங்கே வைத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். 2019 மார்ச்சில் சீனாவின் நிரல் எழுத்தாளர்களே அங்கே ஒரு பக்கம் திறந்து, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வாரத்துக்கு 6 நாள் வேலை வாங்கும் கம்பெனிகளின் பெயர்களை எழுதிவைத்தார்கள். இப்படி உழைத்தால் போய்ச் சேருமிடம் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுதான் என்பது அந்தப் பக்கத்தின் பெயரிலேயே இருந்தது. சீனத்து உலாவிகள் சில அந்தப் பக்கத்தை மறைத்தன. ஆனால் மண்டியையே பூட்டினால் சொந்தத் தேசத்துத் தொழிலே படுத்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் பிழைத்துக் கிடந்தது.

நம் தேசமும் இதில் சேராமலில்லை. 2014 டிசம்பரில், பயங்கரவாத இயக்கம் ஒன்றின் பிரசாரம் இருக்கிறதென்று இந்திய சர்க்கார் 32 வலைத்தளங்களைத் தடுத்தபோது கிட்ஹப்பும் அதில் அகப்பட்டது. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், முஸ்லிம் பெண்களின் படங்களை வைத்து 'ஏலம்' போடுகிற இழிவான விளையாட்டுகளை அதே தளத்தில் சிலர் ஏற்றினார்கள், கைதுகள் நடந்தன. 2019 ஜூலையில் அமெரிக்காவின் பொருளாதாரத் தடையால், ஈரானிலும் சிரியாவிலும் கிரிமியாவிலும் இருந்த இளைஞர்கள் தங்கள் சொந்த வேலைகளையே அங்கே பார்க்க முடியாமல் தவித்தார்கள். ஈரான்காரர்களுக்கு 2021 ஜனவரியில்தான் கதவு திறந்தது. அவர்களில் யாரும் யுத்தம் அறிவித்தவர்களில்லை. அந்த மண்ணில் பிறந்தவர்கள், அவ்வளவுதான்.

இவற்றுக்கு நடுவில் மனசுக்கு இதமான ஒன்றும் உண்டு. பிராம் மூலனார் என்ற டச்சுக்காரர் 1991ல் 'விம்' என்ற எழுத்துக் கருவியை வெளியிட்டார். பிறகு உகாண்டா தேசத்தில் தொண்டு செய்யப் போய், அங்கே பெற்றோரை இழந்த குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தார். அதன் பிறகு அந்தக் கருவியைத் திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று ஒரு வரி தெரியும். கொடுக்க விரும்பாதவர் ஒரு விசையைத் தட்டினால் அது போய்விடும். கருவி எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும். மூலனார் 2023ல் காலமான பிறகும் அந்த வரி இருந்தது. ஒரு தொழிலாளி தன் கருவிக்குள் தன் மனச்சாட்சியை வைக்க முடியாது என்று சொல்கிறவர்களுக்கு, அந்த ஒரு வரி பதில் சொல்லும்.

மருமகனிடம் இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு என் தாத்தா சொன்ன ஒரு சேதி ஞாபகம் வந்தது. ஒரு வேலைக்காக வந்த பொருளுக்குள் யுத்தச் செய்தியை வைத்து அனுப்புவது நம் சேலத்துக்குப் புதிதில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிலிம் சுருளுக்குப் பஞ்சம். படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாதென்று கட்டுப்பாடு வந்தது. தியேட்டர்களில் சர்க்கார் அங்கீகரித்த யுத்தச் செய்திப் படங்களைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. யுத்தத்துக்கு ஆதரவாகக் கதைப்படங்கள் எடுக்கும்படி ஸ்டுடியோக்களுக்கும் நெருக்கடி வந்தது. அப்படி வந்த தமிழ்ப் படங்களில் ஒன்றுதான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1945ல் வெளியிட்ட 'பர்மா ராணி'. ஸ்டுடியோ அதிபர் டி. ஆர். சுந்தரமே டைரக்டர். ஜப்பானியர் பிடித்திருந்த பர்மாவில் இந்திய விமானப் படையினர் படுகிற பாடு கதை.

என் தாத்தா அதை ஓலைக் கொட்டகையில் பார்த்தவர். அவருடைய அண்ணன் ரங்கூனில் கணக்கு எழுதிக்கொண்டிருந்து, 1942ல் குண்டு விழுந்த பிறகு காட்டு வழியே நடந்து ஊர் வந்து சேர்ந்தவர். அதே பர்மாவிலும் மலேயாவிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்து மறுபக்கம் நின்றார்கள். ஆகவே அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் சிலருக்கு உறவினர்கள் இரு கட்சியிலும் இருந்தார்கள். "படம் நல்லாத்தான் இருந்துச்சு. வெள்ளைக்காரன் எதுக்குக் காட்டறான்னும் தெரிஞ்சுதான் இருந்துச்சு. பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சு வந்துட்டேன்" என்பார் தாத்தா.

இந்த 'எந்திரிச்சு வந்துட்டேன்' என்பதில் பெரிய விஷயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. சர்க்காரின் பிரசாரம் கட்டாயமாக வந்தது உண்மை. அதற்கும் ஒரு திரை இருந்தது. திரைக்கு எதிரே ஒரு பெஞ்சி இருந்தது. பெஞ்சியிலிருந்து எழுந்திருக்க ஜனங்களுக்குக் கால் இருந்தது. பிரசாரம் என்று தெரிந்து கேட்டார்கள், வேண்டாமென்றால் வெளியே வந்து பீடி பற்றவைத்தார்கள். யாருடைய வீட்டுப் பெட்டிக்குள்ளும் அந்தப் படம் புகுந்து, நிலப் பத்திரத்தைக் கிழித்துப்போடவில்லை.

அந்த யுத்த காலத்திலேயே, நம் கட்சியில் இதைவிடக் கஷ்டமான ஒரு விவாதமும் நடந்தது. 1942 ஆகஸ்டில் தலைவர்கள் எல்லோரும் சிறைக்குப் போன பிறகு, தேசமெங்கும் தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டன, தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. நமக்குப் பக்கத்துக் கோவை ஜில்லாவில் சூலூர் விமான தளம் தீக்கிரையானது. கம்பியை அறுப்பது ஹிம்சையா, இல்லையா? கம்பிக்கு உயிரில்லையே என்றார்கள் சிலர். உயிருக்கு ஆபத்தில்லாமல் போக்குவரத்தைத் தடுப்பது அகிம்சைக்கு முரணில்லை என்ற விதத்தில் கிஷோர்லால் மஷ்ருவாலா அப்போது 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே எழுதினார். காந்திஜி 1944ல் விடுதலையாகி வந்த பிறகு, ரகசிய வேலையும் நாச வேலையும் தம்முடைய அகிம்சையோடு சேராதவை என்று சொல்லிவிட்டார்.

கம்பிக்கு உயிரில்லைதான். ஆனால் அந்தக் கம்பி வழியே ஒரு தகப்பனாரின் சாவுச் செய்தி மகனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். அறுக்கிறவருக்கு அது தெரியாது.

இதற்குப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சேலத்தில் வக்கீலாக இருந்து, சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1930 ஏப்ரலில் ஏறக்குறைய நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். சர்க்காருக்கு முன்கூட்டியே தெரியும். வழி தெரியும், நோக்கம் தெரியும். உப்பு அள்ளினார்கள்; அடிபட்டார்கள்; சிறைக்குப் போனார்கள். எவருடைய சோற்றிலும் உப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. எதிர்ப்புக்கு ஆன செலவை எதிர்ப்பவர்களே கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தச் செலவை முகம் தெரியாத ஒருவரின் தலையில் கட்டுகிறபோதுதான் சங்கடம் பிறக்கிறது.

இதை நான் பெரிய நியாயாதிபதி போல மருமகனிடம் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

"குழந்தைங்க மேல குண்டு விழறப்போ அவனவன் கையில இருக்கறதைத்தான் மாமா எடுப்பான். உங்க கையில பேனா இருக்குது, எழுதறீங்க. அவன் கையில அதுதான் இருந்துச்சு" என்றான். நான் வாயடைத்துப் போனேன். 2009ஆம் ஆண்டில் ஈழத்துச் செய்திகளை இரவெல்லாம் விழித்திருந்து கேட்டபோது, என் கையில் எதுவுமே இல்லையே என்று நான் அழுததை அவன் சிறு பையனாகப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

பேச்சு அத்தோடு முடியவில்லை. அவனும் ஒரு சின்னப் பெருங்காய டப்பாவுக்குச் சொந்தக்காரன் என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. ரசீதில் எண்ணால் எழுதிய தொகையைத் தமிழில் எழுத்தால் எழுதித் தருகிற ஒரு துண்டை, மாணவனாக இருந்தபோது எழுதிப் பொதுவில் வைத்திருந்தானாம். பல ஊர்களில், இலங்கையிலும்கூட, அதைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அந்த வருஷம் மே 18ஆம் தேதி நெருங்க நெருங்க அவன் மனத்தில் ஓர் எண்ணம். இலங்கையில் ஓடுகிற கம்ப்யூட்டரென்று தெரிந்தால், அன்று ஒரு நாள் மட்டும், ரசீதின் அடியில் முள்ளிவாய்க்காலை நினைவூட்டி ஒரு வரி அச்சாக வேண்டும். எதையும் அழிக்கப்போவதில்லை. ஒரே ஒரு வரி.

"செய்யட்டுமா மாமா?" என்று கேட்டான்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்த வரியில் பொய் ஏதுமில்லை. எனக்கும் அது வேண்டும்போலத்தான் இருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டேன். "தமிழில் தொகை எழுதுகிற உன் துண்டை இலங்கையில் யாரடா வாங்கி வைத்திருப்பார்கள்? கொழும்பில் இருக்கிற மந்திரியா?"

அவன் பேசவில்லை.

"யாழ்ப்பாணத்தில் ஒரு மளிகைக்கடை. கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே ஒரு சிப்பாய் சோப்பு வாங்க வந்திருக்கிறான். ரசீதில் உன் வரி அச்சாகி வருகிறது. அவள் எழுதாத வரி. அவளுக்குத் தெரியாத வரி. பதில் சொல்ல வேண்டியவள் மட்டும் அவள்தான்."

அவன் வெகுநேரம் திண்ணைத் தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். தேசத்தைப் பார்த்து ஆளைத் தீர்மானிக்கிற எந்த வரிக்கும் இந்த விபத்து உண்டு. ரஷ்யாவில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் பின்னால், யுத்தத்தை எதிர்த்துத் தெருவில் நின்று போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டவரும் இருப்பார். 2022ன் அந்த மாதங்களில் அப்படி ஆயிரக்கணக்கானவர்கள் பிடிபட்டார்கள். இதயச் சின்னம் அவர் கோப்பையும்தான் அழிக்கும்.

இன்னொரு நஷ்டமும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. மென்பொருளில் ஓட்டைகள் அடைபடுவது புதிய பதிப்புகளால்தான். புதுப்பித்தால் என்ன வருமோ என்ற பயம் வந்துவிட்டால், ஜனங்கள் பழைய ஓட்டையோடேயே இருந்துவிடுவார்கள், திருடனுக்கு வசதி. ஒரு டப்பாவில் ஒரு தடவை வேறு எதையோ கலந்துவிட்டால், மண்டியிலுள்ள எல்லா டப்பாக்களையும் சந்தேகத்தோடு முகர வேண்டியிருக்கிறது. கலந்தவருடைய காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் இந்த நஷ்டம் குறைவதில்லை.

மே 18 வந்தது. அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மருமகன் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குக் காட்டினான். துண்டின் உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை. அதை எடுக்க வருகிறவர்கள் முதலில் படிக்கிற முகப்புப் பக்கத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரி எழுதியிருந்தான். சிங்களத்தில் எழுத ஆள் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். நான்கு வரிக்குக் கீழே, ஒளிக்காமல், தன் முழுப் பெயரையும் ஊரையும் போட்டிருந்தான்.

"படிக்கப் பிடிக்காதவங்க படிக்காமப் போகலாம் மாமா. ஆனா எழுதினது யாருன்னு தெரியணும்" என்றான்.

அக்கா உள்ளேயிருந்து, "என்னடா அது, மாமனும் மருமகனும் உத்து உத்துப் பாக்கறீங்க?" என்று கேட்டாள். "வாழப்பாடின்னு ஊர்ப் பேரு போட்டிருக்குதும்மா, வந்து பாரு" என்றான் அவன். அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அந்தப் பெயரை எழுத்துக் கூட்டுவது போல ஒரு தடவை நிதானமாகப் படித்தாள்.